சுரூபக்கூட்டுக் கண்ணாடி

தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். கடிதம் தரவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. கொன்ஸ்ரன்ஸின் முன்ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்று, தொப்பியை நெஞ்சோடு அணைத்துத் தலை குனிந்து, சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு நடந்து போய்விட்டார். வெயிலுக்கு வேர்வை துடைக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பின்னால் வந்த மீன்காரியும் கூடையை இறக்கி வைத்துச் சிலுவை அடையாளம் போட்டபோது, கொன்ஸ்ரன்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஊசி விரலில் ஏறியது.

ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு அன்றைக்கு மூன்றாம் நாள்.

பழைய சாமான் என்றால் கொன்ஸ்ரன்ஸுக்குப் பைத்தியம். உடைந்த தையல் மெசினின் இரும்புக் காலில் பலகை போட்டு முகம் கழுவும் மேசை செய்தவள். கப்பல் விளக்கைப் பூச்சாடியாகத் தொங்கவிட்டவள். பிஸ்கட் தகரத்துக்குச் பூப்போட்ட சீத்தைத் துணி சுற்றி முக்காலியாக்கியவள். கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன வாடகை வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். துறைமுகப் பண்டகசாலையில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் பேதுரு, “ஒரு நாளைக்கு என்னையும் வார்னிஷ் பூசி மூலையில நிப்பாட்டப் போறாய்” என்று பகிடி பண்ணுவான்.

ஆனால் இந்தக் கண்ணாடிகளை அவள் அழகுக்காக மட்டும் வாங்கவில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை ஐறீன், ஒன்பது வயது, நெருப்புக் காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்து எலும்பும் தோலுமாக எழும்பியிருந்தாள். இனி வெளிச்சம் வேண்டும், கூதல் காற்று மட்டும் படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சம் வருவது முன்னறைக்கு மட்டும்தான். அங்கே ஜன்னல் பலகைகள் உக்கிப்போயிருந்தன. அந்த நேரத்தில்தான் நிலாம் நானாவின் பழைய சாமான் கடையில், ஓரமெல்லாம் குருத்தோலையும் லில்லிப் பூவும் செதுக்கிய மூன்று பெரிய கண்ணாடிகள் சுவரில் சாய்ந்திருந்ததைக் கண்டாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். ஏதோ ஒரு கோவிலில் புனிதரின் சுரூபத்தை வைத்திருந்த கூட்டின் கண்ணாடிகள். வேறு எதற்கு இவ்வளவு வேலைப்பாடு? புனிதர் நின்ற கூட்டுக்குள் தன் பிள்ளை படுத்திருந்தால் எந்த நோய் கிட்ட வரும்? அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

ஒன்றை ஜன்னலுக்குப் போட்டாள். மற்ற இரண்டையும் மரச்சட்டத்தில் மாட்டி, முன்னறைக்கு மாற்றிய பிள்ளையின் கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காற்றுத் தடுப்பாக நிறுத்தினாள். மறுநாள் காலை வெயிலில் பிள்ளையின் வெள்ளைப் போர்வை முழுவதும் ஓலை நிழல் விழுந்தது. கொன்ஸ்ரன்ஸ் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

மீன்காரி போன அன்று பின்னேரமே முன்னறையில் ஒரு மணம் வந்தது. வாடிய பூவும் புது வார்னிஷும் குதிரை வேர்வையும் கலந்த மணம். எங்கிருந்து என்று கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், தலையணை உறைக்குள் எல்லாம் மோந்து பார்த்தாள். கண்ணாடிக்குக் கிட்டப் போகப் போகத்தான் அது கூடியது. பிறகு சத்தம். ஒழுங்கையில் வண்டி ஒன்றும் போகாத நேரத்திலும் மூன்று கண்ணாடிகளும் சட்டத்துக்குள் மெல்ல அதிர்ந்தன. கிர்ர், விட்டு, கிர்ர். கல் ரோட்டில் சக்கரம் ஆற அமர உருளும் கணக்கில்.

“அம்மா, கட்டில் போகுது” என்றாள் ஐறீன், கண்ணை மூடியபடி.

“எங்கேயும் போகேல்ல மகள். உனக்குத் தலைச்சுத்து.”

ஐந்து மணிக்குப் பேதுரு வேலையால் வந்தான். வாசலுக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றான். தொப்பி கையில். தலை நிலத்தைப் பார்த்தபடி. உள்ளே வந்தபின் அவள் கேட்டாள்.

“ஏன் அங்க நிண்டனீங்கள்?”

“எங்க நிண்டனான்?” என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவள் திரும்பிக் கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். நாற்பது நாள் சாவோடு மல்லுக்கட்டி மீட்ட பிள்ளை. இன்னொருமுறை மல்லுக்கட்டக் கொன்ஸ்ரன்ஸுக்குத் தெம்பில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு, பக்கத்து வீட்டு மேபலைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு நிலாம் நானாவிடம் ஓடினாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது சவப்பெட்டிக் கடைட குதிர வண்டிட கண்ணாடி, தங்கச்சி. மோட்டார் வந்த பொறகு பழய பிரேத வண்டிய ஒடச்சி வித்துட்டாங்க. நீங்க கேக்க இல்ல, நானும் சொல்ல இல்ல. கண்ணாடி கண்ணாடிதானே?”

அவள் வீட்டை நோக்கித் திரும்பினாள். ஓடினாள். சவப்பெட்டி வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த கண்ணாடி. அதற்குள் தன் கையாலேயே பிள்ளையை, வெள்ளைப் போர்வை போர்த்தி, நீட்டிப் படுக்க வைத்திருக்கிறாள். ஊரில் பிரேதம் எடுக்கும் நேரம் ஐந்து மணி. உடைக்க வேண்டும். போனதும் மூன்றையும் உடைக்க வேண்டும்.

பெரிய கோவில் மணி ஐந்து அடித்தது.

ஒழுங்கை முகப்பில் ஆட்கள். இரண்டு இரண்டு பேராக. கறுப்பு உடுப்பு. தபால்காரர். மீன்காரி. முன்னால் பேதுரு. எல்லார் முகமும் அவள் வீட்டுப் பக்கம். அவள் இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். வழி விட்டார்கள். மரியாதையாக.

வீடு இருபது அடி தூரத்தில். ஓர் எட்டு வைத்தாள். இருபது அடி. இன்னும் சில எட்டு வைத்தாள். தையல்காரன் கடை பின்னால் போனது. மண்ணெண்ணெய்க் கடை பின்னால் போனது. வீடு இருபது அடி தூரத்தில். ஓட நினைத்தாள். கால்கள் ஓடவில்லை. எல்லாரோடும் ஒத்து, மெதுவாக, மிக மெதுவாக நடந்தன.

யாரோ அவள் முழங்கையைத் தாங்கினார்கள். மேபல்.

“பிள்ளைய ஏன் விட்டுட்டு வந்தனீ? பிள்ளை உயிரோட இருக்கு, மேபல். உயிரோட இருக்கு.”

“அழு, கொன்ஸ்ரன்ஸ்” என்றாள் மேபல். அவள் கன்னம் நனைந்திருந்தது. “அழுதாத்தான் ஆறும்.”

இன்னொரு கை மறுபக்கம் பிடித்தது. தாயைப் பிடிக்கிற பிடி.

மணி விட்டு விட்டு அடித்தது. முன்னே ஓலைகளும் லில்லிப் பூக்களும் செதுக்கிய ஜன்னல் மாதம்பிட்டிச் சவக்காலைப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்கு உள்ளே ஐறீன் எழுந்து முழங்காலில் நின்றாள். தாயைத்தான் பார்த்தாள். வாய் அகலத் திறந்து மூடியது. இரண்டு உள்ளங்கையாலும் தட்டினாள், தட்டினாள், அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகியது.