அக்காவின் சுண்டுவிரல்

மடிக்கணினித் திரையின் கீழ்மூலையில் அந்தச் சின்னச் சாம்பல் கட்டம் மறுபடியும் முளைத்தது. ‘கேப்ஸ் லாக் ஆன்.’ அவருடைய இரண்டு கைகளும் அப்போது தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தன.

மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் பிழைப்பு. காதில் ஹெட்போன் ஏறிவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. பக்கவாதம் வந்து அக்கா பேச்சில்லாமல் உள்ளறையில் படுத்தபோது, அவளுக்கு அசைய மிச்சமிருந்தது இடக்கைச் சுண்டுவிரல் ஒன்றுதான். மணி வைத்தால் அவருக்குக் கேட்காது. அதனால் கம்பியில்லாத கீபோர்டு ஒன்றை வாங்கி, ஓரத்திலிருக்கும் கேப்ஸ் லாக் விசைமேல் அவள் விரலைப் பொருத்தி வைத்தார். அவள் அழுத்தினால் கூடத்தில் இவர் திரையில் கட்டம் வரும். ஆன் வந்து உடனே ஆஃப் வந்தால் தண்ணீர். ஆஃப் வராமலே இருந்தால், ஒன்றும் வேண்டாம், சும்மா பக்கத்தில் வந்து உட்கார். அந்த விரலின் நகத்தை வாராவாரம் அவரே வெட்டிவிடுவார். “மகாராணி விரல்க்கா இது, சொடுக்கினா ஆள் ஓடி வரணும்” என்று கேலி செய்வார். அவள் கண்ணால் சிரிப்பாள்.

அக்கா போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கீபோர்டு இன்னும் அவள் கட்டிலில்தான் கிடக்கிறது. அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டதும் இவர்தான். இருந்தும் சில நாட்களாகப் பொழுது சாய்ந்தால் ஆன் வருகிறது. ஆஃப் வருவதில்லை.

முதல் நாள் பழக்க தோஷத்தில் ஓடிப்போய்ப் பார்த்தார். வெறும் கட்டில், அவளுக்குப் போடும் பவுடரின் மணம். திரும்பி வந்து அழுதார். மறுநாளிலிருந்து போகவில்லை. பயம்தான், பொய் சொல்வானேன்.

லேப்டாப் பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தார்.

“ஏதாவது கீ ஒட்டிக்கிட்டிருக்கும் சார். மெசேஜ்தானே தொந்தரவு? கீபோர்டு ஆப்பைத் திறந்து, லாக் கீ நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடுங்க.”

“பண்ணா நின்னுடுமா?”

“மெசேஜ் வராது. கீயை அழுத்தறது நிக்காது சார். உங்க கண்ணுல படாது, அவ்வளவுதான்.”

ஆஃப் செய்தார். விட்டது சனி என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

யாரோ ஒரு மருத்துவர் யாருடைய முழங்காலைப் பற்றியோ அலுப்போடு பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு அடியில், ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம், இழுத்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தது. மருத்துவமனையில் தரை துடைக்கிறார்கள் போலும் என்று நினைத்தபடி தட்டிக்கொண்டே போனார். சத்தம் பெரிதானது. பதிவை நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினார். உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வரும் நடையில் கேட்டது. பவுடர் மணம் வந்தது. இன்றைக்கும் கூப்பிட்டிருக்கிறாள். கட்டம் வரவில்லை. இவர் போகவில்லை.

“வேலை இருக்குக்கா” என்றார். “இதோ வரேன். நீ அங்கேயே இரு. நான் வரேன்க்கா.”

சத்தம் நின்றது. நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.

திரையில் ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

கீழே, அவருடைய மடிக்கணினியின் இடது ஓரத்தில், சின்ன விளக்கு எரிந்தது. விசை அமுங்கியே இருந்தது. அதன்மேல் ஒரு சுண்டுவிரல். வாராவாரம் வெட்ட ஆளில்லாமல், நகம் நீண்டு வளைந்திருந்தது.