கசக்கும் நூல்

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு முதல் குரல் டிலுசாவின் அப்பா கிறிஸ்தோப்பருடையது. அவர் குரல் எடுத்தால் கரை முழுவதும் ஒரே மூச்சில் கயிற்றை இழுக்கும்.

அன்று பாட்டுக்கு நடுவே அவர் வாயிலிருந்து “உஸ்ஸ்!” என்று காற்றுத்தான் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கைகள் தளர்ந்தன. பாதி மீன் தப்பிவிட்டது.

“அண்ணை விசில் அடிச்சு மீனெல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிப்போட்டார்!” என்றான் கூட வலை இழுக்கும் அனிஸ்ரன்.

கிழிந்த வலையைப் பொத்தும்போது நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது அப்பாவின் பழக்கம். முதல்நாள் அப்படிக் கடித்ததில்தான் முன்பல் உடைந்திருந்தது. அதன்பிறகு அவர் பாடவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினார். அனிஸ்ரன்தான் பாடினான். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது.

அப்போது வவுனியாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பல் வைத்தியர் வந்திருந்தார். அம்மா மார்கிறட் அப்பாவையும் டிலுசாவையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

“கழற்றிப் பூட்டுற பல்லும் வைக்கலாம். இல்லாட்டி, தாடை எலும்பில சின்னத் திருகாணி வைச்சு, பிறகு அதுக்கு மேல பல்லைப் பொருத்தலாம்” என்றார் வைத்தியர்.

“எலும்பிலயோ? நோகாதோ?” என்று கேட்டார் அப்பா.

“விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்வன். ஆனா எலும்பு திருகாணியை இறுக்கிப் பிடிக்கச் சில மாதம் வேணும். அதுவரைக்கும் முன்பல்லால ஒண்டும் கடிக்கக் கூடாது.”

“நட்ட தென்னம்பிள்ளையை ஆட்டிப் பார்க்கக் கூடாது. அப்பிடித்தானே டொக்டர்?” என்று கேட்டாள் டிலுசா.

“ஓம், அதேதான்!” என்று வைத்தியர் சிரித்தார்.

திருகாணி வைத்தாயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்து வலையை மடியில் எடுத்ததும், அப்பாவின் கை தானாகவே நூலை வாய்க்குக் கொண்டுபோனது.

“அப்பா!”

“ஐயோ, மறந்துபோனன் பிள்ளை.”

டிலுசா தன் கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

“இதைத் தேடி எடுக்கிற நேரத்துக்கு நாலு கண்ணி பொத்திப்போடுவன்” என்றார் அப்பா. கத்தரிக்கோல் வலைக்கு அடியில் தூங்கியது. நூல் மறுபடியும் வாய்க்குப் போனது.

தான் பள்ளிக்கூடம் போனபின் யார் கத்துவது? டிலுசா யோசித்தாள். குசினிக்குள் போனாள். வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்து நூல்கட்டை முழுவதும் பூசினாள்.

சற்று நேரத்தில் வெளியே சத்தம் கேட்டது.

“த்தூ! த்தூ! மார்கிறட், என்னப்பா இது?”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உங்கட மகளுக்கு நான் பால் மறப்பிச்சதும் இப்பிடித்தான்!”

டிலுசா கத்தரிக்கோலில் ஒரு கயிறு கட்டி அப்பாவின் கழுத்தில் போட்டாள். “இனித் தேட வேண்டாம்.”

மாதங்கள் போயின. திருகாணி அசையாமல் நின்றது. வைத்தியர் மறுபடி வந்து அதன்மேல் புதுப் பல்லைப் பொருத்தினார். அப்பா அம்பாவுக்குக் குரல் எடுத்தார். விசில் வரவில்லை, வலை நிறையக் கீரிமீன் வந்தது.

“அப்பாடா, என்ர தொண்டை தப்பிச்சுது!” என்றான் அனிஸ்ரன்.

“எங்கட காதும்தான்” என்றாள் டிலுசா.

அன்று மாலை அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். நூல் வாய்வரை போனது. உடனே முகம் கோணியது. கை இறங்கிக் கத்தரிக்கோலைப் பிடித்தது.

“அப்பா, அது புது நூல். நான் ஒண்டும் பூசேல்லை.”

“தெரியும் பிள்ளை” என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார் அப்பா. “ஆனா என்ர வாய் நம்புதில்லையே!”