நிலையத்து வாசலில் ஒரே ஒரு மினிபஸ்

துஷ்யாவுக்குப் பத்து வயது. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்தாள். அவளுடைய அம்மா அஜந்தா நோர்வேயில் வளர்ந்தவர். அங்கே குளிர்காலம் முழுவதும் பனிச்சறுக்கு ஓடியவர். லண்டனில் அவ்வளவு பனிக்கு எங்கே போவது? அதனால் இங்கே சறுக்குக் கட்டைகளின் அடியில் சின்னச் சக்கரங்களைப் பூட்டி, இரண்டு கைகளிலும் தடிகளை ஊன்றித் தார் ரோட்டில் ஓடுவார்கள். அம்மா துஷ்யாவுக்கும் அதைப் பழக்கியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய முதல் போட்டி.

போட்டி நடக்கும் சைக்கிள் திடல் ரயில் நிலையத்திலிருந்து தூரம். ஓடுபவர்களையும் பார்க்க வருபவர்களையும் ஏற்றி இறக்க இரண்டு பஸ்கள் ஏற்பாடாகியிருந்தன. ஒன்று தமிழ்ப் பள்ளியின் மினிபஸ். அதைத் துஷ்யாவின் அப்பா ரதீசன் ஓட்டினார். அம்மா விடியவே திடலுக்குப் போய்விட்டார். துஷ்யா அப்பாவுக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு அப்பாவின் தொலைபேசி அடித்தது. மற்ற பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். இனி அவர் ஒருவரேதான் எல்லோரையும் ஏற்ற வேண்டும். போய்வர இருபது நிமிடம் ஆகும்.

வரிசையில் நின்றவர்கள் ஏறினார்கள். மடக்கு நாற்காலிகள், தேநீர்க் குடுவைகள், ஒரு நாய்க்குட்டி. பதினாறு இருக்கைகளும் நிரம்பிவிட்டன. நாய்க்குட்டிக்கு ஒரு மடி கிடைத்தது.

அப்பா கதவைப் பூட்டப் போன நேரம் ரயில் வந்தது. ஒன்பது பிள்ளைகள், தங்களை விட நீளமான பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். பின்னால் அவர்களுடைய பயிற்சியாளர் துசியந்தி.

பிள்ளைகள் ஒன்பதரைக்குள் பெயர் பதியாவிட்டால் ஓட முடியாது. இது துஷ்யாவுக்குத் தெரியும். அவளும் அந்த ஓட்டத்தில்தானே ஓடப் போகிறாள்.

அப்பா கவலையோடு மணிக்கூட்டைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தவர்களை எப்படி இறக்குவது என்று மெதுவாகக் கேட்டார்.

துஷ்யாவின் இடம் பத்திரமாகத்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் அவள் நேரத்துக்குப் போய்விடுவாள். ஆனால் வாசலில் நின்றவர்களில் ஆகச் சின்னவன் அழத் தொடங்கியிருந்தான். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் திரும்பி முழங்காலில் நின்றாள். பிள்ளைகள் முதலில் போகலாமா என்று ஆங்கிலத்தில் எல்லோரையும் கேட்டாள்.

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர், ஓடுபவர்களை உற்சாகப்படுத்த அடிக்கும் ஒரு வெண்கல மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வட லண்டனின் எட்மண்டனில் கடை வைத்திருக்கும் சந்திரகுமார் அவர்.

“நான் எட்டே முக்காலிலையிருந்து நிக்கிறன், பிள்ளை,” என்றார். “முதல் வந்தவன் நான்தான்.”

“ஓம் அங்கிள். என்ன பார்க்க வந்தனீங்கள்?”

“ஓட்டம் பார்க்கத்தான்.”

“ஓடுற ஆக்கள் வெளியில நிக்கினம், அங்கிள்.”

சந்திரகுமார் கண்ணாடி வழியே பார்த்தார். ஒன்பது பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய தோள்கள் முதலில் குலுங்கின. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

“அது சரி. வெறும் ரோட்டைப் பார்த்து நான் ஆருக்கு மணி அடிக்கிறது?” என்று எழுந்தார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பிள்ளைகள் ஏறினார்கள். மிச்ச இருக்கைகளைச் சறுக்குக் கட்டைகள் பிடித்துக்கொண்டன.

துஷ்யா அவசரமாகத் தன் கொப்பியிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தாள். பார்க்க வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் போனாலும் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பிடித்துவிடலாம். பெரியவர்களின் ஓட்டம் பதினொன்றரைக்குத்தான். அதில் ஓட வந்து வரிசையில் நிற்பவர்கள் மூன்றாவது பஸ்ஸில் வரலாம். ஒரு தாளில், பார்க்க வந்தவர்களுக்காக, ஒரு கண் வரைந்தாள். அவசரத்தில் அது மீன் மாதிரி வந்தது. மற்றத் தாளில் 11.30 என்று எழுதினாள். இரண்டையும் சந்திரகுமாரிடம் கொடுத்து, வரிசை பிரித்து நிறுத்தும்படி கேட்டாள்.

“மீன் வரிசையில நிக்கிறது ஆர்?” என்று அவர் கேட்டார்.

“நீங்கள்தான், அங்கிள்.”

ஒன்பது இருபத்தெட்டுக்கு அவர்கள் திடலை அடைந்தார்கள். எல்லோரும் பெயர் பதிந்தார்கள். ஓட்டம் தொடங்குமுன் மீன் வரிசையும் வந்து சேர்ந்தது. துஷ்யா ஒரு வளைவில் விழுந்து, எழுந்து, பத்துப் பேரில் ஏழாவதாக வந்தாள். அழுத சின்னவன் மூன்றாவதாக வந்தான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீடு போக வேண்டும். கூடாரத்துக்குள் ஆளையாள் நெருக்கினார்கள். முன் இருக்கை காலியாக இருக்கிறது, வா என்று அப்பா மகளைக் கூப்பிட்டார்.

துஷ்யா கொஞ்சம் யோசித்தாள். சப்பாத்துக்குள் தண்ணீர் வேறு போயிருந்தது.

“வேண்டாம் அப்பா. காலமை கடைசியா வந்த ஆக்கள் இப்ப முதல் போகட்டும். நாங்கள் முதல் வந்தனாங்கள், கடைசியா வாறம்.”

துசியந்தி அதை எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். நெருக்குதல் நின்றது. பெரிய ஓட்டக்காரர்கள் தடிகளைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினார்கள்.

பிள்ளைகள் பத்துப் பேரும் கூடாரத்தின் நடுவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அம்மா சூடு ஆறாமல் காக்கும் ஒரு பெரிய பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆட்டிறைச்சி ரோல்ஸ், இன்னும் சூடாக.

மூன்றாம் முறை பஸ் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. பெட்டியில் அப்பாவுக்காக ஒரே ஒரு ரோல்ஸ் மிச்சமிருந்தது. பத்துப் பேரும் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.