வாசனை போன பிறகு

காரில் பெட்ரோல் வாசனை வரவில்லை. மூன்று வாரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்த வாசனை, காலையில் அவன் கை வைத்த பிறகு, துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான், பட்டும் இருந்தான். ஆனால் சுரங்கப்பாதைக்குள் நெரிசலில் வண்டி நின்றபோது, இவ்வளவு சுத்தமாகவா போகும் என்று ஏதோ ஒன்று மனதில் உறுத்தியது.

டேங்க் நிரம்பியிருந்தால்தான் அந்த வாசனை வரும், அதுவும் பின் சீட்டில்தான் அதிகம். மெக்கானிக் மோந்து பார்த்ததுமே சொல்லிவிட்டான். "பின் சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் இருக்கு சார். அதோட மூடியில ஒரு ரப்பர் வளையம் வரும், அது காஞ்சு போயிருக்கும். ஒரு மணி நேர வேலை. வியாழக்கிழமை விடுங்க." வியாழன் சனி ஆனது, சனி அடுத்த வாரம் ஆனது. ஒரு மணி நேர வேலைக்கு மெக்கானிக் எதற்கு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அலுவலகத்தில் பிரின்டர் மக்கர் செய்தால் சரிசெய்பவன் அவன்தான். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாதிரித் தைரியம் எங்கிருந்தோ வந்துவிடும்.

வெயிலுக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, பின் சீட்டைக் கழற்றி, தகட்டை எடுத்து, பம்பில் செருகியிருந்த இரண்டு குழாய்களைப் பிடுங்கி, பழைய வளையத்தை மாற்றிப் புதியதைப் பொருத்தி, குழாய்களை மறுபடி செருகினான். இரண்டரை மணி நேரம் அந்தக் குழிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்திருந்தான். முதலில் கண் எரிந்தது, பிறகு தொண்டை. அதற்கப்புறம் எரிச்சலும் இல்லை, வாசனையும் இல்லை. வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம் என்று எடுத்துக்கொண்டான்.

மனைவியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னான்.

"எனக்கு இருக்கற சளிக்கு காப்பியே வெந்நீர் மாதிரி இருக்கு. நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி. கெளம்பலாம், அக்கா காத்துக்கிட்டு இருப்பா."

வழியில் டேங்கை முழுக்க நிரப்பினான். நிரப்பினால்தானே ரிப்பேரின் லட்சணம் தெரியும். பின் சீட்டில் இருந்த ஆறு வயது மகள் மட்டும், "நாறுதுப்பா" என்றாள். சீட்டில் ஒட்டிய பழைய வாசனை, போய்விடும் என்று சமாதானம் சொன்னான். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவள் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இப்போது சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகள் வரிசையாக ஓடி வளைவில் மறைந்தன. மேலே பெரிய மின்விசிறி ஒன்று சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது, அது நிற்கும்போதெல்லாம் நூறு என்ஜின்களின் முனகல் சுவரில் மோதித் திரும்பி வந்து கார்க் கண்ணாடியில் அதிர்ந்தது. சந்து கண்ட இடத்தில் வண்டியை நுழைப்பது அவன் வழக்கம். இங்கேயும் ஒரு பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைத்து வைத்திருந்தான். ஒரு பக்கம் சுவர் நான்கு விரல் தள்ளி இருந்தது, மறுபக்கம் பஸ் ஒரு சாண் தள்ளி. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு வேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டிருந்தான்.

மனைவி ஆரஞ்சு ஒன்றை உரித்து, ஒரு சுளையை அவன் வாயருகே நீட்டினாள்.

வாங்கிக்கொண்டான். மென்றான். புளிப்பு தெரிந்தது.

வாசனை தெரியவில்லை.

அவள் மடியிலிருந்த தோலை எடுத்து மூக்கருகே வைத்துக் கிள்ளினான். தோலின் சாறு கண்ணில் தெறித்து எரிந்தது. மூக்கில் ஒன்றுமே இல்லை. தன் உள்ளங்கையை முகர்ந்தான், சட்டையை முகர்ந்தான், கைக்குட்டையை முகர்ந்தான். எல்லாம் வெறும் காற்று.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

போனது வாசனை இல்லை, தன் மூக்கு. அது புரிந்ததும் கண் தானாகவே பெட்ரோல் முள்ளுக்குப் போனது. அரை மணி நேரத்துக்கு முன் உச்சியில் இருந்த முள் பாதிக்கும் கீழே கிடந்தது.

குழாயைச் செருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். முதல் குழாயில் வந்தது. இரண்டாவதில்? எவ்வளவு யோசித்தும் அந்தச் சத்தம் நினைவுக்கு வரவில்லை. என்ஜின் ஓடும் ஒவ்வொரு நொடியும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எங்கே தள்ளுகிறது என்றுதான் தெரியவில்லை.

சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான்.

ஏசி நின்றது. அந்த அமைதியில் காருக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. சொட்டும் சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒழுகும் சத்தம்.

பஸ் ஜன்னலில் ஒரு பெண் கீழே பார்த்தாள். பார்த்தவள் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடினாள். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாருமே காருக்குள் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. எல்லார் பார்வையும் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அப்புறம் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலைவிட்டு விலகின. பஸ் மெல்ல ஆடியது. எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் போறாங்க?" என்றாள் மனைவி.

கதவைத் தள்ளினான். பஸ்ஸில் இடித்து நின்றது. அவள் பக்கக் கதவு சுவரில் உரசியது. இரும்பு கல்லில் உரசும் ஓசை.

"தள்ளாத. கதவத் தொடாத."

கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினான். இறங்கவில்லை. மறுபடியும் அழுத்தினான். சாவி அணைத்த நிலையில் இருக்கிறது. சாவியைத் திருப்பினால்தான் கண்ணாடி இறங்கும். சாவியைத் திருப்பியதும் முதலில் உயிர் வருவது பம்புக்கு. அங்கே ஒரு பொறி போதும்.

"பாப்பாவ எழுப்பு."

"பாப்பா. எந்திரிம்மா."

அவள் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டி, குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இந்தப் பக்கம் சாய்ந்தது.

"என்னங்க, எந்திரிக்க மாட்டேங்கறா."

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். வேனில் ஆள் இல்லை. கதவு திறந்தபடி, என்ஜின் ஓடியபடி நின்றது. அதற்கும் அப்பால், மஞ்சள் வெளிச்சத்தில், சுரங்கத்தின் அகலம் முழுக்க மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை. எல்லாரும் சேர்ந்து ஓரடி பின்னால் வைத்தார்கள். பிறகு இன்னும் ஓரடி.

அவன் விரல்கள் சாவியின் மேல் இருந்தன.