வாசல்வரை வந்த விளக்கு

அந்த விளக்கைப் பற்றி நெஸ்ட்டா முதலில் கேள்விப்பட்டது ரொட்டிக் கடையில்தான்.

அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மாவு ஒட்டிய கையோடு கடைக்காரம்மாள் கூரையைப் பார்த்தாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். நெஸ்ட்டா ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவு சரியாக மூடிக்கொள்ளவில்லை. பேச்சு மறுபடி தொடங்கியது.

"பாவம், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது போல."

"நேத்தும் வந்துச்சாமே, லௌரி வீட்டு வாசல்வரைக்கும்?"

"வந்து அங்கயே அணைஞ்சுபோச்சாம். தேர்தல் வரைக்கும் மனுஷன் தாங்குவாரோ என்னவோ. சாகப்போறவருக்குப் போட்ட ஓட்டு செல்லுமான்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறார்."

லௌரி வீட்டில் தங்கியிருந்த ஆண் ஒருவர்தான். நெஸ்ட்டாவின் அப்பா. கையில் இருந்த ரொட்டி சுடச்சுட இருந்தும் அவளுக்கு உடம்பு சில்லிட்டது.

அவள் அப்பா இட்வல் பென்ரி ஒரு கல்குவாரித் தொழிலாளியின் மகன். ஊர் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் தட்டு ஏந்திச் சேர்த்த காசில் படித்து பாரிஸ்டர் ஆனவர். கார்டிஃப் நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்று சொல்வார்கள். வழக்காடும்போது அணியும் வெள்ளை முடித்தொப்பி மட்டும் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு சின்ன ஆடு தலைமேல் ஏறிப் படுத்துத் தூங்குவது போல இருக்கும் என்று நெஸ்ட்டா கேலி செய்வாள்.

சென்ற ஆண்டு அந்தத் தொப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார். கோர்ட்டில் ஒரு நேரத்தில் ஒருவருக்காகத்தான் பேச முடிகிறது, அங்கே போனால் ஆயிரம் பேருக்காகப் பேசலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நெஸ்ட்டாவையும் கூட்டிக்கொண்டு, தான் நிற்கும் தொகுதியான இந்தக் கும்வெர்னுக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

லௌரி அத்தை அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி அவள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் அத்தைதான். நெஸ்ட்டா நேராகக் கேட்டுவிட்டாள்.

அத்தை கிளறுகோலைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சாவு விளக்குன்னு சொல்வாங்க. ஆள் இருக்காது, கை இருக்காது, வெளிச்சம் மட்டும் தனியா நடந்து வரும். எந்த வழியா அது வருதோ அந்த வழியா ஒரு சவ ஊர்வலம் போகுமாம். எந்த வீட்டு வாசல்ல நிக்குதோ…" அதற்கு மேல் சொல்லாமல் தேநீர்க் கெண்டியை எடுத்தாள்.

"நீங்க பாத்தீங்களா அத்தை?"

"நான் அந்த நேரத்துல திரையை இழுத்து விட்டுடுவேன்."

அன்று மாலை அப்பா குவாரிக்காரர்களிடம் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். ஜனவரி மாதம். தேநீர் நேரத்திலேயே இருட்டத் தொடங்கிவிடும். சதுப்பு நிலத்தின் மேல் மூடுபனி எழும்பி, கல் சுவர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஊருக்குள் வந்தது.

நெஸ்ட்டா மாடி ஜன்னலில் திரையை இழுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வந்தது.

முதலில் அது நட்சத்திரம் என்றே நினைத்தாள். ஆனால் நட்சத்திரம் அவ்வளவு தாழ்வாக இருக்காது. முழங்கால் உயரத்தில், நீலம் கலந்த ஒரு சின்ன வெளிச்சம். அது ஆடவில்லை. ஒருவர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அது ஆடும் அல்லவா? இது வழுக்கிக்கொண்டு வருவது போல வந்தது. காலடிச் சத்தமே இல்லை. கேட்டருகே வந்து நின்றது. தெருநாய் ஒன்று முனகிக்கொண்டு தெருவோரம் நின்ற ஒரு வண்டியடியில் புகுந்தது.

நெஸ்ட்டா ஜன்னலை விட்டுப் பின்னுக்கு நகர்ந்தாள். ஆனாலும் ஒரு யோசனை விடாமல் அரித்தது. அது யாரோ கொண்டுவரும் விளக்காக இருந்தால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்றிரவு அவளால் தூங்க முடியாது.

அவள் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கினாள். கதவைத் திறந்ததும் வெளிச்சம் பின்வாங்கியது.

"யாரு?" என்றாள். பதில் இல்லை.

அவள் ஓர் அடி வைத்தால் அதுவும் கொஞ்சம் விலகியது. நின்றால் நின்றது. கல் சுவரைக் கையால் தடவிக்கொண்டே அதன் பின்னால் போனாள். பனியில் தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. கைவிடப்பட்ட ஆட்டுப்பட்டி ஒன்றின் அருகே வெளிச்சம் நின்றது. பிறகு யாரோ ஊதியது போல அணைந்துபோனது.

இருட்டு. சதுப்பில் எங்கோ தண்ணீர் களக்கென்றது.

அப்புறம், மிக அருகில், யாரோ மூச்சு விடும் சத்தம்.

ஓடலாம் என்று நினைத்தாள். கால் வரவில்லை. மூச்சு விட்டவர் மூக்கை உறிஞ்சினார். பேய் மூக்கை உறிஞ்சாது என்று நெஸ்ட்டாவுக்குத் தோன்றியது. கையை நீட்டினாள். ஒரு குளிர்ந்த சின்னக் கை தட்டுப்பட்டது.

அவள் வயதுப் பெண் ஒருத்தி. பெயர் காரிஸ் என்றாள். பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

"உன் லாந்தரை ஏன் அணைச்சே?" என்று கேட்டாள் நெஸ்ட்டா.

"என்கிட்ட ஏது லாந்தர்? நீதானே வெச்சிருந்தே. அதைப் பாத்துத்தான் நான் இங்க வந்தேன்."

இருவரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் லௌரி அத்தை வீடுவரை ஓடினார்கள்.

அடுப்பருகே உட்கார்ந்து, திராட்சை போட்ட ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டே காரிஸ் தன் கதையைச் சொன்னாள். அவள் அண்ணன் கெத்தின் கம்பளி மில்லில் வேலை பார்த்தவன். முதலாளி பியூவோடு வாய்த்தகராறு வந்து வேலை போயிற்று. சில நாளில் பியூவின் வைக்கோல் கொட்டகை எரிந்தது. எரிவதற்கு முன் ஒரு விளக்கு கொட்டகைப் பக்கம் போனதை பியூவின் வண்டிக்காரர் வாட்கின் பார்த்திருக்கிறார். கெத்தினாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாளை மறுநாள் விசாரணை. பெரிய பாரிஸ்டர் வந்திருக்கிறாரே, அண்ணனுக்காக வாதாடச் சொல்லிக் கேட்கலாமென அவள் தினமும் வந்தாள். கேட்டில் பியூவின் குதிரைவண்டி நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவாள்.

நெஸ்ட்டாவுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அப்பாவின் தேர்தல் வேலைகளுக்கெல்லாம் தலைவர் அந்தப் பியூதான். கூட்டம் நடத்த மண்டபம் அவருடையது. ஓட்டுக்காரர்களை ஏற்றி வரப்போகும் வண்டிகள் எல்லாம் அவருடையவை.

பென்ரி வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, காரிஸை அவள் வீட்டில் விட்டு வந்தார். வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் இப்ப வக்கீல் இல்ல கண்ணு. இந்த ஒரு கேஸை எடுத்தா பியூ போயிடுவார். அவர் போனா தேர்தல் போச்சு. அப்புறம் அந்த ஆயிரம் பேருக்காக யார் பேசுறது?"

"அந்த ஆயிரம் பேர்ல கெத்தினும் ஒருத்தர்தானேப்பா?"

நெஸ்ட்டா தன் மனதில் ஓடியதையும் சொல்லிவிட்டாள். "இன்னொண்ணுப்பா. கெத்தினைத்தான் பூட்டி வெச்சிருக்காங்களே. அப்ப இன்னிக்கு அந்த விளக்கை யார் கொண்டுவந்தா?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலை, செய்தி கேட்டுப் பியூ வந்தார். கனத்த மனிதர், குரல் மட்டும் மெலிசு. கத்தவில்லை. அந்தப் பையனுக்காக நின்றால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பென்ரி அவருக்கு இதுவரை செய்த உதவிக்கெல்லாம் நன்றி சொல்லி, குடையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளில் ஊரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. உயரமான மேசைக்குப் பின்னால் மூன்று நீதிபதிகள். ஓரமாகக் கெத்தின், கையில் விலங்கோடு நின்றான். வழக்குகள் இழுத்துக்கொண்டே போய், கெத்தினின் முறை வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. விளக்கு ஏற்ற ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வாட்கின் தான் பார்த்ததைச் சொன்னார். பென்ரி எழுந்தார்.

"விளக்கைப் பாத்தீங்க. அதைப் பிடிச்ச ஆளைப் பாத்தீங்களா?"

"ஆள் தெரியல ஐயா."

"அது ஆடிச்சா?"

வாட்கின் தொப்பியைத் திருகினார். "இல்லைங்க. ஆடல."

பென்ரி மக்கள் பக்கம் திரும்பினார். கெத்தினைப் பூட்டி வைத்த பிறகும் அந்த விளக்கைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

ஒரு கைகூட எழவில்லை. எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரியும் என்பது நெஸ்ட்டாவுக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்காரம்மாள் கூரையைப் பார்த்தாள். பார்த்ததாக வாய்விட்டுச் சொன்னால் அந்தச் சாவு நம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயம். பெரிய மனிதர்கள் முன்னால் பேய்க்கதை சொல்லிக் கேலிக்கு ஆளாக வேண்டுமா என்ற கூச்சமும்தான்.

நெஸ்ட்டா எழுந்தாள். கையைத் தூக்கினாள்.

"நான் பாத்தேன். முந்தாநாள், எங்க வாசல்ல. அது பின்னாலயே போனேன்."

பக்கத்தில் காரிஸின் கை எழுந்தது. பிறகு, "திரையில ஒரு ஓட்டை இருக்கு," என்று முணுமுணுத்தபடி லௌரி அத்தையின் கை. கடைக்காரம்மாளின் கை. கெத்தினைப் பூட்டிய போலீஸ்காரர் இருமிக்கொண்டே தன் கையை உயர்த்தினார். கடைசியில், தொப்பியைப் பிடித்தபடியே, வாட்கின்.

நடுவில் இருந்த நீதிபதி எரிச்சலோடு பென்சிலைத் தட்டினார். "ஊரே ஒண்ணா கனவு கண்டுச்சா?" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி மதிலின் ஓரமாக அது போய்க்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்தில், ஆடாமல், சத்தமில்லாமல். ஜன்னலுக்கு நேரே வந்ததும் சற்றுத் தயங்கியது. கெத்தினின் முகத்தில் நீலமாக ஒரு மெல்லிய ஒளி விழுந்தது. பிறகு மதிலைக் கடந்து மறைந்துபோனது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகையில் வைத்த வைக்கோல் நன்றாகக் காய்ந்திருந்ததா என்று வாட்கினைக் கேட்டார். மழையில் நனைந்ததை அப்படியே அடுக்கச் சொன்னார் முதலாளி என்றார் வாட்கின். ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கும் என்பது விவசாயம் செய்யும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பியூ தன் கைத்தடியைப் பார்த்தார்.

"விலங்கை எடுங்க," என்றார் நீதிபதி. "யாராவது விளக்கு ஏத்துங்க, சீக்கிரம்."

மண்டபம் பூட்டப்பட்டது. வண்டிகள் போயின. பென்ரி மழையில் பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். குடை பிடித்தது கெத்தின். கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர் தோற்றுப்போனார்.

"பாதிப் பேரு இன்னும் நீங்க செத்துப்போயிடுவீங்கன்னுதான் நெனைக்குறாங்க ஐயா," என்று லௌரி அத்தை ஆறுதல் சொன்னாள். "நீங்க கொஞ்ச நாள் உயிரோட இருந்து காட்டினா நம்புவாங்க."

அவர் உயிரோடுதான் இருந்தார். ஊரில் அந்தக் குளிர்காலத்தில் யாருமே சாகவில்லை. விளக்கும் அதன் பிறகு வரவில்லை. அது என்ன, எதற்காக வந்தது என்று நெஸ்ட்டாவுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. சில வருடம் கழித்து அதே கும்வெர்ன் பென்ரியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்தது. ஆனால் தோற்ற மறுநாள் காலையில் அது ஒருவருக்கும் தெரியாது.

அன்று நெஸ்ட்டா துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மதிய ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். பென்ரி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். நெஸ்ட்டா போய்த் திறந்தாள்.

வாசலில் வாட்கின். கையைத் தூக்கியதற்காகப் பியூ வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். பாக்கிக் கூலியும் தரவில்லையாம். அவருக்குப் பின்னால், விரலை இழந்த ஒரு குவாரிக்காரர். அவருக்குப் பின்னால், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஒரு விதவை. வரிசை கேட்டைத் தாண்டி, தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

நெஸ்ட்டா மாடிக்கு ஓடிவந்து சொன்னாள். பென்ரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நுரை வழிந்து சட்டையில் விழுந்தது.

"இத்தனை பேருக்கு நாற்காலி இல்லையே," என்று கீழே லௌரி அத்தை புலம்பினாள்.

"அப்பா, ரயிலு?"

"எந்த ரயிலு?" என்றார் பென்ரி.

நெஸ்ட்டா பெட்டியைத் திறந்து, துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.