கொட்டகையில் இறங்கிய கார்

நவம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், கெம்பேர் நகரத்தில் துப்பறியும் கெர்வெல்லாவின் அலுவலகத்துக்குள் வந்த பெண் குடையை மடக்கவும் மறந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் ஒதில். அறுபதைத் தாண்டியவள். நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் இருப்பவள்.

"என் புருஷன் ரெனான் காருக்கு அடியில நசுங்கிச் செத்துட்டார் சார். மூணு வாரம் ஆச்சு. கவனக்குறைவுன்னு போலீஸ் எழுதி முடிச்சுட்டாங்க. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இரும்பு ஸ்டாண்ட் போடாம அடியில கையைக்கூட நீட்ட மாட்டார்."

கெர்வெல்லா எழுந்து அவள் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் வைத்தார். அவருடைய உதவியாளர் ஸொலென் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முப்பது வயது, அவசரக்காரி.

"என்ன கார்?" என்று கேட்டார் கெர்வெல்லா.

"ஐம்பது வருஷத்துப் பழைய கார். ஸ்பிரிங்குக்குப் பதிலா எண்ணெயும் வாயுவும்தான் அதைத் தாங்கும். சீட்டுக்குப் பக்கத்துல ஒரு லிவர். மேல தள்ளினா வண்டி எழுந்து நிக்கும், கீழ தள்ளினா உட்காரும்."

"நீங்க பார்த்தப்போ லிவர் எங்கே இருந்துச்சு?"

"உச்சியில. ஆனா கார் தரையோட உட்கார்ந்திருந்துச்சு. எஞ்சின் ஓடலை. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடினதும் எழுந்துச்சு. அப்புறம்தான் அவரை வெளியே இழுக்க முடிஞ்சது."

"போலீஸ்?"

"எண்ணெய் கசிஞ்சு தானா இறங்கிடுச்சாம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சட்டுனு உயிர் போகலைன்னார். ரொம்ப நேரம் மூச்சு இருந்திருக்குமாம். நான் அன்னைக்குச் சந்தைக்குப் போயிருந்தேன்."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமா?" என்றாள் ஸொலென்.

"பக்கத்துப் பண்ணையில ஃபான்ஷ்னு ஒருத்தன். கராஜ் வெச்சிருந்தவன். அந்தக் காரைத் தனக்கு விக்கச் சொல்லி வருஷக்கணக்கா சண்டை."

அவள் போன பிறகு ஸொலென், "ஃபான்ஷ்தான் சார்" என்றாள்.

மறுநாள் அவர்களை அழைத்துப்போக ஒதிலின் மகன் ஜில்தாஸ் வந்தான். ரென் நகரத்தில் வேலை பார்ப்பவன். புத்தம்புதிய மின்சாரக் கார். உள்ளே சத்தமே இல்லை.

"ஸ்டார்ட் பண்ணவே இல்லையே?" என்றாள் ஸொலென்.

"அப்படி ஒண்ணே இதுல கிடையாது. எப்பவும் முழிச்சிட்டே இருக்கும். நிக்கிற வண்டியை ஃபோன்ல தொட்டாலே மேல எழும், கீழ இறங்கும். அப்பா கார் செய்யறதையெல்லாம் இதுவும் செய்யும், எண்ணெய் நாத்தம் இல்லாம."

"வாங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார் கெர்வெல்லா.

"ரெண்டு மாசம். இந்தப் பக்கம் இப்பத்தான் முதல் தடவை வருது. அடக்கத்துக்குக்கூட ரயில்லதான் வந்தேன்."

ஊருக்குள் இரண்டு வேகத்தடைகள், நல்ல உயரம். இரண்டிலும் காரின் அடிப்பாகம் உரசியது. ஜில்தாஸ் முகத்தைச் சுளித்தான். பிறகு பண்ணையின் வாசல். அங்கே கருங்கல் ஒன்று பாதையில் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு இருபதடி முன்னாலேயே கார் தானாக ஒரு சாண் எழுந்து, கல்லை உரசாமல் தாண்டியது.

"அட, இதுக்குக் கண்ணு இருக்கா?" என்றாள் ஸொலென்.

"கேமரா பார்த்துக்கும்" என்றான் அவன்.

பழைய கார் நின்ற கொட்டகையில், கெர்வெல்லா வரச் சொல்லியிருந்த ஃபான்ஷ் காத்திருந்தார். எழுபது வயதுக் கிழவர். கை இரண்டும் சட்டைப்பையில்.

"கசிஞ்சு இறங்குச்சாமா? வசந்தத்துல நானும் அவனும்தான் எல்லாத்தையும் புதுசா மாத்தினோம்."

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னாங்களே" என்றாள் ஸொலென்.

"சண்டைதான். சண்டை போட்டுக்கிட்டே மாத்தினோம். பின்பக்கம் எங்கேயோ லேசா சீறுதுன்னு கடைசியா சொல்லிட்டிருந்தான். வண்டியை இறக்கற அளவுக்கு இல்லை."

கெர்வெல்லா காரை உச்சிக்கு ஏற்றச் சொன்னார். பின்பக்கம் முதலில், பிறகு முன்பக்கம் என்று அது சோம்பல் முறிப்பதுபோல் எழுந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒதில் பக்வீட் தானிய மாவில், முட்டை உடைத்து ஊற்றிய தோசை சுட்டாள். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. திரும்பி வந்தபோது கார் ஒரு விரற்கடைகூடத் தாழ்ந்திருக்கவில்லை.

கெர்வெல்லா குனிந்து லிவரைக் கீழே தள்ளினார். பெருமூச்சுபோல ஒரு சத்தம். கார் தரையோடு போய் உட்கார்ந்தது. உடனே லிவரை உச்சிக்குத் தள்ளினார். கார் லேசாக நடுங்கியது, எழவில்லை.

"சாவியைத் திருப்பணும்" என்றார் ஃபான்ஷ். "எஞ்சின் ஓடினாத்தான் எண்ணெய்க்குத் தெம்பு வரும்."

"ஆமா, உங்களுக்குத் தெரியும்" என்றார் கெர்வெல்லா.

சமையலறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கெர்வெல்லா குரலை உயர்த்தாமல் பேசினார்.

"கார் கசிஞ்சு இறங்கலை. யாரோ லிவரைக் கீழ தள்ளியிருக்காங்க. அடியில படுத்திருந்தவருக்கு லிவர் எட்டாது. தள்ளினவங்களே திரும்ப மேலயும் தள்ளியிருக்காங்க. எதுக்கு? காப்பாத்தறதுக்கு. கொல்ல வந்தவன் அதைச் செய்ய மாட்டான். ஆனா சாவியைத் திருப்பலை. ஃபான்ஷா இருந்தா தூக்கத்துலகூடத் திருப்பியிருப்பார். ஒதிலும் அதைத்தான் செஞ்சாங்க. எப்பவும் முழிச்சிட்டே இருக்கற வண்டியில பழகினவங்களுக்குத்தான் அது தோணாது."

ஜில்தாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கார் வாசக் கல்லுல தானா எழுந்துச்சு. கேமரான்னீங்க. கேமராவா இருந்தா ஊருக்குள்ள இருக்கற வேகத்தடையிலயும் எழுந்திருக்கணும். இந்த மாதிரி வண்டியில ஒரு இடத்துல ஒரு தடவை உயர்த்தச் சொன்னா, அந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கும். அப்பா காருக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லணும். இதுக்கு ஒரு தடவை போதும். இது ஏற்கெனவே இந்த வாசலுக்கு வந்திருக்கு."

ஜில்தாஸ் தலையை நிமிர்த்தினான்.

"ரெண்டு வருஷமா அப்பாகூடப் பேசலை" என்றான் ஜில்தாஸ். "சமாதானம் ஆகலாம்னு வந்தேன். அப்பா எதுவும் கேட்கலை. 'எங்கே சீறுதுன்னு கேட்கணும், லிவர்கிட்ட உட்காரு'ன்னு எஞ்சினை அணைச்சுட்டு அடியில போனார். அப்புறம் 'கொஞ்சம் இறக்கு'ன்னார். என் வண்டியில ஒரு தடவை தொட்டா ஒரு படிதான் இறங்கும், கீழ ஏதாவது தட்டினா நின்னுடும். இது நிக்கவே இல்லைம்மா. உடனே மேல தள்ளினேன். திரும்பத் திரும்பத் தள்ளினேன். எழலை. அப்பாகிட்ட இருந்து சத்தமே வரலை. போயிட்டார்னு நினைச்சேன்."

"யாரையும் கூப்பிடலையா?" என்றாள் ஸொலென்.

"ஃபோனைக் கையில எடுத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் பார்த்தா ரென் ரோட்டுல போயிட்டிருக்கேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். "நான் என்னம்மா பண்ணியிருக்கணும்?"

ஃபான்ஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாவியைத் திருப்பியிருக்கணும்" என்றாள் ஒதில். "அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்துபோய்ப் போலீசுக்கு ஃபோன் செய்தாள். யாரும் தடுக்கவில்லை.

ஸொலென் கெர்வெல்லாவுடன் வாசலுக்கு வந்து நின்றாள். நேற்றைய உற்சாகம் அவளிடம் இல்லை.

"ரெனான் கவனக்குறைவான ஆள் இல்லைன்னாவது நிரூபிச்சிட்டோம், இல்லையா சார்?"

"இல்லை" என்றார் கெர்வெல்லா. "ஸ்டாண்ட் போடாமத்தான் அடியில போயிருக்கார். ஸ்டாண்ட் இருந்தா வண்டியை இறக்கிப் பார்க்க முடியாது. லிவர்கிட்ட மகன் இருக்கான்னு நம்பினார்."

"இதை அந்தம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"ஜில்தாஸ் பேசினப்பவே அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

போலீஸ் வண்டியின் விளக்கு பாதைத் திருப்பத்தில் தெரிந்தது. உள்ளே ஜில்தாஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். ஒதில் அவன் முகத்தைப் பார்க்காமலே ஆணியில் தொங்கிய அவனுடைய கோட்டை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோ" என்றாள். "அங்கே குளிரும்."