சாட்சிப்பொட்டு

"தகுதியில்லை" என்றது கேள்வித்தட்டு.

சபாபதி மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்த இரண்டு பெட்டிகளும் பிரிக்காதவை. "இன்னொரு தடவை வெச்சுப் பாரும்மா" என்றார். சேலம் மீள்மருந்தகத்தின் ஊழியர் ரெபேக்கா மறுபடி வைத்தாள். அதே பதில்தான்.

மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் எள்ளளவு சாட்சிப்பொட்டு ஒட்டுவது சட்டமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. பெட்டி ஆலையை விட்டுக் கிளம்பியதிலிருந்து எவ்வளவு சூடு பட்டது, எத்தனை நேரம் பட்டது என்று பொட்டு குறித்துக்கொண்டே இருக்கும். அதற்கு முன்பெல்லாம் புற்றுநோயாளி இறந்த வீட்டில் மிஞ்சிய மாத்திரை, எப்படி வைத்திருந்தார்களோ என்ற பயத்தில், குப்பைக்குப் போகும். அதே மாத்திரைக்காக அடுத்த தெருவில் ஒருவர் வீட்டை விற்றுக்கொண்டிருப்பார். நம் சாமர்த்தியம் அப்படி. இப்போது கேள்வித்தட்டில் வைத்ததும் பொட்டு சாட்சி சொன்னால் போதும், மிச்சம் இன்னொருவருக்கு இலவசமாகப் போய்விடும்.

இன்று அந்த மிச்சத்துக்காக எதிர் நாற்காலியில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு மாத்திரை கிடைக்காமல் மூன்று வாரமாக அலைகிறாள்.

ரெபேக்கா திரையைப் படித்தாள். ஏழு மாதமாகத் தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறரைக்கும் முக்கால் மணி நேரம், நாற்பத்தெட்டு டிகிரி. நாற்பதைத் தாண்டினால் இந்த மாத்திரை வெறும் மாவு.

"சார், இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"சாமி அலமாரியிலதான். ஆறு பெட்டியும் ஒரே நாள்ல வந்துச்சு. விளக்கேத்தி, பக்கத்துல வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் வீட்டுக்காரி விசாலத்துக்குக் கொடுப்பேன். நாலு பெட்டி சாப்பிட்டா. மிச்சம் இது." குரல் தணிந்தது. "அவ போன அன்னிக்கு நான் அசந்து தூங்கிட்டேம்மா. அது ஒண்ணுதான் உறுத்துது. மத்தபடி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்ல."

அந்த நாலு பெட்டியும் இதே விளக்கின் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. தட்டு சொல்வதை அப்படியே படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ரெபேக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வர்ற வழியில வெயில் பட்டிருக்கு சார். இந்த ரெண்டு மட்டும்தான்."

சொன்னதும் முகம் சுட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அப்பாடா" என்று சபாபதி பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஈரோட்டிலிருந்து வந்த அதே மாத்திரையின் ஒரே ஒரு பெட்டி சோதனையில் தேறி வெளியே வந்தது. ரெபேக்கா செண்பகத்தை அழைத்துக் கொடுத்தாள். செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதம்மா" என்றார் சபாபதி. "போனதும் சாமி விளக்குகிட்ட வெச்சிடு. என் வீட்டுக்காரி ஏழு மாசம் தாங்கினதே அதனாலதான்."

"கண்டிப்பா வெக்கிறேங்கய்யா." அவள் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ, விளக்குகிட்ட வெக்காதீங்க!" ரெபேக்காவின் வாய் முந்திக்கொண்டது.

சபாபதி செருப்பை மாட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"திரையை இப்படித் திருப்பும்மா."

அவள் திருப்பினாள். முப்பது வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் குறித்தவர் அவர். வரிவரியாக விரல் வைத்து, கடைசிவரை படித்தார்.

"மாத்திரை கேக்கவே இல்லீங்க, டாக்டர்கிட்ட வேற மாத்தித் தரச் சொல்லுங்கன்னு விசாலம் அழுதா" என்றார். "நம்பிக்கை இல்லாம முழுங்கினா எப்படிக் கேக்கும்னு திட்டினேன்."

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் ரெபேக்கா. சொன்ன பொய்க்கா, உளறிய உண்மைக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

சபாபதி செண்பகத்திடம் திரும்பினார். "பீரோல வெய்யிம்மா. சாமியைத் தனியாக் கும்பிட்டுக்கோ."

கேள்வித்தட்டு ஒரு சீட்டைத் துப்பியது. மருந்து தேறினாலும் தேறாவிட்டாலும் கொண்டுவந்தவர் எல்லாருக்கும் வருகிற சீட்டுதான். 'மருந்தை இதுவரை அக்கறையோடு பார்த்துக்கொண்டதற்கு நன்றி.'

சபாபதி அதையும் விரல் வைத்துப் படித்தார்.